வெளியூர் இன்ஜின்

புகைப் பரிசோதனையில் எங்கள் கார் தோற்றதற்கு நான்தான் காரணம். வீட்டில் யாரும் இதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்திருப்பார்கள்.

தி. நகரில் ஒரு பெட்ரோல் பங்கின் மூலையில் நிற்கும் வேனில்தான் வருடா வருடம் புகைச் சான்றிதழ் வாங்குவோம். முன்பெல்லாம் அப்பா போவார். அவருக்குக் கண் அறுவைசிகிச்சை ஆனபிறகு ஓட்டுவது நான் என்பதால் இந்த முறை நான் போனேன். காருக்குப் பதினைந்து வயது முடிய ஐம்பது நாள் இருந்தது. அதற்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான ஆறு வேலைகளை ஃபோனில் பட்டியலாகப் போட்டிருந்தேன். புகைச் சான்றிதழ் இரண்டாவது. எளிதானதை முன்னால் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

வேன்காரர் கருவியின் குழாயை இழுத்துக்கொண்டு வந்து சைலன்சர் வாயில் சும்மா மாட்டிவிட்டார். விரல் நீளம்கூட உள்ளே போகவில்லை. நான் தரமணியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கருவி காட்டுவது உண்மைதானா என்று நாள் முழுக்கச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அண்ணா, அதை முழுசா உள்ள விடுங்க. இப்படி வச்சா வெளிக்காத்து கலந்துடும். ரீடிங் தப்பா வரும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முழுசா உடணுமா?"

"ஆமா."

"நெஜமாவா மேடம்?"

"முறைப்படி செய்யுங்கண்ணா."

"உங்க இஷ்டம்" என்று குழாயை உள்ளே தள்ளினார். திரையில் எண்கள் ஏறின, இறங்கவில்லை. எரியாத பெட்ரோலின் அளவு, அனுமதித்ததைப்போல இரண்டு மடங்குக்குமேல் போய் நின்றது. நிராகரிப்புச் சீட்டு ஒன்று அச்சாகி வெளியே வந்தது.

"இதை விட்டுட்டு இன்னொரு தடவை பார்க்கலாமா?"

"எங்க உடறது? இப்பல்லாம் ஆன்லைன். போய்ச் சேர்ந்துடுச்சு." சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். "பத்து வருசமா உங்க நைனாவுக்கு அப்படியேதான் வச்சினு இருந்தேன். ஒரு நாள் கேட்டிருப்பாரா அவரு?"

வேறு வீடாக இருந்தால் இது ஒரு பழைய காரின் கதையாக முடிந்திருக்கும். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு இன்னொன்று வாங்கியிருப்பார்கள். எங்களால் முடியாது. காரணம் அண்ணன்.

அண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது. ஆட்டிசம் உண்டு. பேச்சு குறைவு. இந்தக் காரின் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்துதான் அவன் எங்கேயும் போவான். ஆட்டோவில் ஏறமாட்டான். ஆப்பில் கூப்பிடும் கார்களில் நான்கு முறை முயன்றோம். நான்காவது முறை ஓட்டுநருக்கும் எனக்கும் சேர்த்துக் கையில் காயம். சித்தப்பாவிடம் இதே மாடல், இதே நிறத்தில் ஒரு கார் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இரவல் வாங்கி வந்து எங்கள் கார் நிற்கும் இடத்திலேயே நிறுத்திப் பார்த்தோம். அண்ணன் கதவைத் திறந்தான். குனிந்து உள்ளே ஒரு முறை முகர்ந்தான். யார் மனமும் நோகக்கூடாது என்பதைப்போல மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

கொட்டிவாக்கத்தில் துணிப்பை அச்சடிக்கும் ஒரு சிறிய இடத்தில் அவன் வேலை செய்கிறான். அவனைப் போன்ற பதினொரு பேர் அங்கே இருக்கிறார்கள். அச்சுத் திரை கட்டிய சட்டத்தின்மேல் மையை இழுப்பது அவன் வேலை. ஒரு மயிரிழை கோணினாலும் அந்தப் பையைத் தனியாக வைத்துவிடுவான். வாடிக்கையாளர் பரவாயில்லை என்றாலும் கொடுக்கமாட்டான். காலை எட்டே காலுக்கு அடையாறிலிருந்து கிளம்பி, அவனை அங்கே விட்டுவிட்டு நான் தரமணிக்குப் போவேன். அங்கே ஒரு விதி உண்டு. தொடர்ந்து ஒரு மாதம் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். கடுமையான விதி என்று சொல்லமாட்டேன். காத்திருப்போர் பட்டியலைப் பொறுப்பாளரம்மா ஒரு முறை எனக்குக் காட்டினார். நல்ல நீளமான பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஓர் அம்மாவின் ஃபோன் எண்.

பங்கிலிருந்து நேராக மயிலாப்பூருக்கு, பாயிடம் போனேன். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை. இந்தக் காரை முதல் சர்வீஸிலிருந்து அவர்தான் பார்க்கிறார். நான் இறங்குவதற்கு முன்பே வேன்காரரிடமிருந்து அவருக்கு ஃபோனில் செய்தி வந்திருந்தது.

"இன்னாமா, முழுசா உள்ள உட சொன்னியாமே?" பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். "படிச்ச புள்ளைங்களே இப்படித்தான். சும்மா இருக்கற சனியனைக் கூப்ட்டு குந்த வைக்கும்."

"பாய், விளையாடாதீங்க. ஏன் இவ்வளவு வருது?"

அவர் பானெட்டைத் தூக்கினார். பிறகு, "வெளியூரு இன்ஜின்மா" என்றார்.

இன்ஜின் மாற்றியது எனக்குத் தெரியும். சென்னை வெள்ளத்தின் அந்த டிசம்பரில் அடையாற்று நீர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். கார் இருக்கை உயரத்துக்கு நீரில் நின்றது. நீர் வடிந்த மறுநாள் காலை அப்பா சாவியைத் திருகினார். ஈர இன்ஜினை இயக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. எட்டே காலுக்கு அண்ணன் பையை மாட்டிக்கொண்டு சேற்றில் வந்து நின்றுவிட்டான். அப்பா மூன்று முறை திருகியிருக்கிறார். சிலிண்டருக்குள் இருந்த நீர் அமுங்க மறுத்து, உள்ளே கம்பி வளைந்து, பிளாக்கையே உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. பாய் புதுப்பேட்டையில் தேடி, இதே மாடலின் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டினார். எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

"வெளியூர்னா?"

"ஒரே இன்ஜின்தான்மா. உங்க வண்டி வாங்கச்சொல்ல சென்னைக்கு மட்டும் புகைக்குப் புது ரூல் வந்துச்சு. தெக்க ஊருங்களுக்குப் பழைய ரூல்தான் ஓடிகினு இருந்துது. இது அங்க வித்த வண்டியோட இன்ஜின். மேல வச்சா ஒரு நட்டுகூட மாறாது. புகைதான் மாறும்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்."

"யார்கிட்ட? உங்க நைனா சேத்துல நின்னுகினு, 'பாய், வூட்ல புள்ள கத்திகினு கீறான், எது கெடைக்குதோ மாட்டு'ன்னாரு. மாட்டினேன்."

இன்ஜினின் ஓரத்தில் கறுப்பு டேப் சுற்றிய வயர் முனை ஒன்று எதிலும் சேராமல் தொங்கியது. சென்னை இன்ஜினில் அது ஓர் உணரியில், அதாவது சென்சாரில், போய்ச் சேர வேண்டும். வெளியூர் இன்ஜினில் அந்த உணரியே இல்லை. எண்ணெய் பார்க்கும்போதெல்லாம் அந்த டேப்பைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் கேட்டதில்லை. அலுவலகத்தில் இப்படி ஒரு வயர் தொங்கினால் அறிக்கை எழுதாமல் விடமாட்டேன்.

அந்த இன்ஜினை ஏற்றுக்கொள்ள அண்ணனுக்குப் பத்தொன்பது நாள் ஆனதாம். தினமும் காலையில் அப்பா காரை நின்ற இடத்திலேயே ஓடவிடுவார். அண்ணன் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவான், காய்ச்சல் இறங்கவில்லை என்பதுபோல. இருபதாம் நாள் ஏறி உட்கார்ந்தான். மறுபடியும் இன்ஜினை மாற்றலாமே என்று பாய் சொன்னபோது நான் தலையாட்டாததற்கு அந்தக் கணக்குதான் காரணம்.

ஆகவே இருக்கும் இன்ஜினையே தேற்றுவது என்று முடிவுசெய்தோம். புது பிளக், புது ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் சுத்தம், எண்ணெய் மாற்றம். புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் புதிதாக ஒன்று. நான்கு சனிக்கிழமைகள் போயின. மற்ற நாட்களில் எட்டே காலுக்கு வண்டி வேண்டும் என்பதால் பாய் சனிக்கிழமை மட்டும்தான் கைவைத்தார். இரண்டாவது பரிசோதனையிலும் தோற்றோம், இம்முறை சிறிய வித்தியாசத்தில்.

"சூடு பத்தலமா" என்றார் பாய். "கன்வெர்ட்டர் கொதிச்சாத்தான் வேலை செய்யும். பீச் ரோட்ல மூணாவது கியர்லயே ரெண்டு ரவுண்டு அடி. ஆஃப் பண்ணாம அப்படியே கொண்டு போய் நிறுத்து."

அடித்தேன். மெரினாவில் ஐஸ்கிரீம் விற்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரைச்சலோடு போய்வந்து, ஓடும் இன்ஜினோடு வேனுக்குப் பக்கத்தில் நின்றேன். வேன்காரர் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"முழுசா உடறேன் மேடம். பாத்துக்கோ. அப்பாலிக்கா சொல்லக்கூடாது."

தேறியது. எல்லைக்கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே, ஆனால் உள்ளே. வீட்டில் அப்பா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு சான்றிதழை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். நான் இரண்டாவது வேலைக்கு எதிரில் டிக் போட்டேன். அதற்குள் மற்ற நான்கும் முடிந்திருந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுவது. பதினான்கு நாள் கையில் இருந்தது.

போக்குவரத்து அலுவலகத்தில் வரிசை காலையிலேயே தெருவுக்கு வந்துவிட்டது. வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் பொறுமையான மனிதர். விளக்கு, ஹாரன், டயர், எல்லாம் சரி. புகைச் சான்றிதழைப் பார்த்து, "பழைய வண்டிக்கு இவ்வளவு நல்லா வருதே" என்று சொல்லவும் செய்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு பென்சில் பிரதி எடுத்தார்கள். இரும்பில் வெட்டியிருக்கும் எண்ணின்மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார்கள். சாம்பல் பூச்சுக்குள் எண் வெள்ளையாக எழும்பும். அதற்கென்று இருந்த பெரியவர் முதலில் சேஸிஸ் எண்ணை எடுத்தார். பதிவுப் புத்தகத்தோடு பொருந்தியது. அடுத்து இன்ஜினின் அடியில் கையைவிட்டு, கந்தலால் கிரீஸைத் துடைத்துவிட்டு இன்னொரு தாளை ஒட்டினார்.

அவர் தேய்க்கத் தொடங்கிய அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இன்ஜினுக்கும் எண் உண்டு. பதிவுப் புத்தகத்தில் இருப்பது வெள்ளத்தில் உடைந்த இன்ஜினின் எண். ஐந்து வாரமாக ஆறு வரிப் பட்டியலைத் தினமும் திறந்து பார்த்திருக்கிறேன். இது அதில் இல்லை. கருவி எதை அளக்கும் என்பதையே யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு தாளும் பென்சிலும் எதை எடுத்துக்கொடுக்கும் என்று தோன்றவேயில்லை.

இன்ஸ்பெக்டர் எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். நாலாவது இலக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, இது வேற இன்ஜினாச்சே."

"ஆமா சார். வெள்ளத்துல போச்சு. மாத்தினோம்."

"பாதி ஊருக்குப் போச்சும்மா. மாத்தின உடனே எழுதிக் கொடுத்திருக்கணும் இல்ல? எங்க வாங்கினீங்க, பில் இருக்கா?"

வீட்டுக்கு ஃபோன் செய்தேன். "பாய் சொன்னார், ஆபீஸ்ல சொல்லணும்னு" என்றார் அப்பா. "அண்ணன் ஏறி உட்கார்ந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவன் ஏறிட்டான். அப்புறம் மறந்துட்டேன்." பில் இருந்தது. 'பழைய சாமான் 1' என்று எழுதி, கீழே பாதி பதிந்த ரப்பர் முத்திரை.

இன்ஸ்பெக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். தன் பேனாவால் என் விண்ணப்பத்தின் ஓரத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். விற்ற கடையின் முறையான பில். அந்த இன்ஜின் முதலில் இருந்த வண்டியின் பதிவு ரத்தானதற்குச் சான்று. திருட்டு இன்ஜின் இல்லை என்று காவல்துறைக் கடிதம். இரண்டு பென்சில் தாள்களையும் கோப்பில் ஒட்டினார்.

கடையைத் தேடி பாயின் ஸ்கூட்டரில் புதுப்பேட்டைக்குப் போனேன். அந்த இடத்தில் இப்போது ஹெல்மெட் விற்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் பில்லை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கையெழுத்துக்காரரு போய்ச் சேர்ந்துட்டாரும்மா" என்றார்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் இன்ஜின் எண் தெற்கே ஒரு மாவட்டத்தில் ஒரு காரின் பெயரில் இருந்தது. ரத்தாகாத பதிவு.

"அந்த வண்டி அங்க ஓடுதும்மா. இதே இன்ஜினோட."

"அதை உடைச்சு வித்துட்டாங்க சார். இன்ஜின் வெளியில நிக்குது, வந்து பாருங்க."

"நான் பார்த்தேன்மா. இல்லைன்னு சொல்லலை. அதை அந்த ஓனர் எழுதிக் கொடுக்கணும். நாங்க அந்த ஊருக்குக் கடிதம் போடறோம். பதில் வரட்டும்."

"எவ்வளவு நாள் ஆகும் சார்?"

அவர் கையை விரிக்கவில்லை, உதட்டைப் பிதுக்கவில்லை. நல்ல மனிதர் என்பதால், யோசித்துவிட்டு, "தெரியலை" என்றார்.

பாய் ஒரு யோசனை சொன்னார். பழைய இன்ஜின் நம்பரை இதில் அடித்துக் கொடுக்கும் ஆள் இருக்கிறார், அரை நாள் வேலை. "தப்புதான்மா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா புள்ளயப் பாரு." அதை அப்பாவிடமும் சொல்லியிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா ஆரம்பித்தார்.

"அடிச்சா என்னம்மா ஆகும்?"

"பென்சில் தாள் ஏற்கெனவே கோப்புல ஒட்டியாச்சுப்பா. இப்ப நம்பர் மாறினா ஜெயில்."

"அதுக்கு முன்னாடி பாயைக் கேட்டிருந்தா?"

முன்னாடி கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நேர்மையாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்புகூட எனக்குக் கிடைக்கவில்லை. தாள் முந்திக்கொண்டது.

"பேப்பர் இல்லாம ஓட்டிடலாமா?" என்றாள் அம்மா. "அடையாறுல இருந்து கொட்டிவாக்கம்தானே. எத்தனை பேரு ஓட்டறாங்க."

"யாராவது இடிச்சா இன்சூரன்ஸ் வராதும்மா. பின்னாடி உட்கார்ந்திருக்கிறது அவன்."

அம்மா ரசத்தை எனக்கு ஊற்றாமலேயே எழுந்து போனாள்.

காரின் பதிவு ஒரு வெள்ளிக்கிழமை காலாவதியானது. திங்கட்கிழமை எட்டே காலுக்கு அண்ணன் பையோடு இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். அப்பாவும் அம்மாவும் பால்கனியில் நின்றார்கள். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தேன், படம் வரைந்தும் காட்டியிருந்தேன். கேட்டுக்கொண்டான். கேட்பது வேறு, எட்டே கால் வேறு. நானும் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். சாவியைத் திருகாவிட்டால் கத்துவான். திருகினேன். இன்ஜின் சீராக ஓடியது. நான்கு சனிக்கிழமை வேலை அதில் தெரிந்தது. அவன் என் இருக்கையின் முதுகில் இரண்டு முறை தட்டினான். கிளம்பு என்று அர்த்தம்.

நான் கிளம்பவில்லை. மறுபடியும் தட்டினான். பிறகு விடாமல் தட்டத் தொடங்கினான், தொண்டையிலிருந்து, கத்துவதற்கு முன் எழும் அந்தச் சத்தமும் வர ஆரம்பித்தது. அப்போது என் வாயிலிருந்து, "டிராஃபிக்" என்று வந்தது.

அடையாறு சிக்னலிலும் திருவான்மியூர் சிக்னலிலும் அவன் இதைத் தினமும் கேட்டிருக்கிறான். கார் நின்றால் டிராஃபிக். டிராஃபிக் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும். தட்டுவது நின்றது. "டிராஃபிக்" என்று அவனும் சொன்னான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான். முதல் மாடியிலிருந்து ஒரு மாமி, புகை மேலே வருகிறது, வண்டியை அணையுங்கள் என்றார். அணைத்தேன். ஒன்பது மணிக்கு அவனாகவே கதவைத் திறந்து இறங்கி மாடிக்குப் போனான். நான் பஸ்ஸில் அலுவலகத்துக்குப் போனேன்.

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். எட்டே காலிலிருந்து ஒன்பது வரை நாங்கள் இருவரும் காரில் உட்கார்ந்திருக்கிறோம். மத்தியானத்தில் நான் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஃபோன் செய்கிறேன். தெற்கிலிருந்து பதில் வரவில்லை. பொறுப்பாளரம்மா நேற்று என்னைக் கூப்பிட்டார். விதியைப் பற்றிப் பேசவில்லை. அண்ணனின் அச்சுச் சட்டத்தை வேறு யாரும் தொடவில்லை, மை காயாமல் தினமும் துடைத்து வைக்கிறோம் என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் முடிய இன்னும் ஏழு நாள்.

இன்று காலை நான் "டிராஃபிக்" என்றதும் அவன் திருப்பிச் சொல்லவில்லை. கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினான். தலையை வெளியே நீட்டி, எங்களுக்கு முன்னால் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்தான். முன்னால் எங்கள் கட்டடத்தின் மதில் சுவர் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினான்.